ஓ.எல். இல்லாதவளுக்கு ஒரு பூசைக் கருத்து

மன்னார் பேசாலையில் எங்கள் கோயில் பங்கின் முன்பள்ளியை நடத்திய சிஸ்டர் என்னை வேலைக்கு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓ.எல். எடுத்தனீங்களோ?"

"ஓம் சிஸ்டர்."

பதினாறு வயதில் எழுதுகிற அந்த அரசாங்கச் சோதனையின் சான்றிதழைக் கேட்டார். இந்தியாவுக்குப் படகேறின நேரம் தண்ணீரில் போய்விட்டது என்றேன். சண்டை முடிந்து ஊர் திரும்பியிருந்த காலம் அது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், காணி உறுதி இல்லாதவர்கள், கலியாணம் எழுதின கடதாசி இல்லாதவர்கள் என்று ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். சிஸ்டரும் பாவம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். மற்றவர்கள் உண்மையாகவே பறிகொடுத்ததற்குப் பின்னால் என் பொய்யைக் கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

படகேறியபோது நான் எட்டாம் வகுப்பு. மண்டபம் அகதி முகாமில் பள்ளிக்கூடம் இருந்தது, நான்தான் போகவில்லை. அம்மா நோயில் விழுந்துவிட்டார், தம்பிமார் இருவருக்கும் சோறாக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் கதை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, சொல்லிப் பயனும் இல்லை.

முன்பள்ளியில் ஏழு வருடம் 'டீச்சர்' ஆக இருந்தேன். அந்த ஏழு வருடமும் பயந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியில் மட்டுமில்லை, வகுப்பிலும் கோயிலிலும் மீன் வாங்குகிற இடத்திலும் பயம். யாராவது பெண் "நீங்கள் எந்த வருசம் சோதினை எடுத்தனீங்கள், டீச்சர்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாலே போதும். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி நடையைக் கட்டிவிடுவேன். ஊரில் என்னைப்போல் பால் காய்ச்சினவள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஒருநாள் மன்னாரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக மதிலில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய ஒரு பல்கலைக்கழகத்தின் அத்திவாரப் பாடநெறி. பதினெட்டு வயது தாண்டியிருந்தால் போதும், பள்ளிக்கூடத் தகைமை எதுவும் தேவையில்லை. அதில் சித்தியடைந்தால் பட்டப்படிப்புக்கே போகலாம். 'தேவையில்லை' என்ற சொல்லை மூன்று தரம் வாசித்தேன். பிறகு யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அந்த மதிலடியில் நிற்பதே நான் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது.

ஆனாலும் படிவம் எடுத்தேன். 'கடைசியாகப் படித்த வகுப்பு' என்று அதில் ஓர் இடம். எட்டு என்று எழுதி, கடதாசிகளுக்கு அத்தாட்சி கொடுக்கிற ஒரு சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். அவர் மனைவி எங்கள் பாட்டுக்குழுவில் இருப்பவர், அவரிடம் போவதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. அதனால் டவுனுக்குப் போய், உப்புக்குளத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிதானமாக வாசித்தார்.

"எட்டு வரைக்குந்தானா தங்கச்சி?"

"ஓம்," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"அதுக்கு ஏன் இப்பிடி மெதுவாப் பேசுறீங்க? இது களவு இல்லையே."

களவுதான் என்று அவருக்குத் தெரியாது. முத்திரை குத்தித் தந்தார். அதை மடித்துக் கைப்பையின் அடியில் வைத்து, பஸ் ஊர் வந்து சேரும்வரை பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் மனுசனுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் கடற்றொழில் செய்கிறவர், படித்தது ஐந்தாம் வகுப்பு. பாடப் புத்தகக் கட்டு வந்த அன்று கையைக் கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொட்டார். "நீ கம்பசுக்குப் படிக்கிறாய்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். சொல்லவும் இல்லை, அந்த மனிதர் வாக்குத் தவறாதவர்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் முன்பள்ளியின் குட்டிக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து படித்தேன். கணக்கு என்னைப் படாதபாடு படுத்தியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அப்படியே வருடம் போனது. இறுதிச் சோதனைக்கு இரண்டு கிழமை இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் எல்லாம் நடந்தது.

எங்கள் ஊரில் பெரிய காரியம் எதுவானாலும் முதலில் பூசைக் கருத்துக் கொடுப்பார்கள். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், பூசை தொடங்குமுன் பங்குக் குருவான சுவாமி எல்லாருக்கும் கேட்க வாசித்து மன்றாடச் சொல்வார். என் மனுசன் அதை அரைகுறையாக எழுதமாட்டார். படகுக்குக் கேட்டாலும் படகின் பதிவு இலக்கத்தோடுதான் எழுதுவார். விபரம் பிழைத்தால் ஆண்டவர் வேறு யாருடைய படகுக்கோ அருள் செய்துவிடுவார் என்ற பயம்.

செத்தவர்களின் ஆண்டுத் திவசங்கள், சுகம் கிடைத்ததற்கு நன்றி, புது இஞ்சின் ஒன்று. அதற்குப் பிறகு சுவாமி என் பெயரை வாசித்தார். ஊரில் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் இருப்பதால் என் தகப்பன் பெயர், முன்பள்ளி எல்லாம் சேர்த்தே வாசித்தார். "ஓ.எல். இல்லாதவர்கள் பல்கலைக்கழகம் போகிற சோதனையில் இவர் சித்தியடைய மன்றாடுவோம்."

முழுக் கோயிலும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

ஆண்கள் பக்கத்திலிருந்து என் மனுசன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறந்தநாளுக்கு ஒரு சாமானை ஒளித்துவைத்திருந்து எடுத்துக் கொடுத்தவர்போல. ஆண்டவரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. சுவாமி அப்பம் கொடுக்கும்போது நன்மை வாங்கவும் எழும்பிப் போகவில்லை. முன் வரிசையில் இருந்த சிஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவே இல்லை.

வாசலில் யாரும் துருவிக் கேட்கவில்லை. "சோதினை எப்ப டீச்சர்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய பயம். சிஸ்டர் மட்டும் அருகில் வந்து, "நாளைக்கு நேசரி விட்டாப்போல என்னை ஒருக்கா வந்து பாருங்கோ," என்றார்.

வீட்டில் சிஸ்டர் கூப்பிட்டதைச் சொன்னதும் இவருடைய முகம் செத்துப்போனது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றார். "ஆண்டவரிட்டயும் மறைச்சே கேக்கவேணும்?"

எழும்பிப் போய் அடுப்பில் பாலை வைத்தேன், இந்தமுறை உண்மையாகவே.

அடுத்த நாள் சிஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்."

"பொய் சொன்னனான் சிஸ்டர்."

"ஆசிரியர்மாரின்ர தகைமையை எழுதிக் கல்விக் கந்தோருக்கு அனுப்பச் சொல்லியிருக்கினம். இவ்வளவு நாளும் தெரியாமல் எழுதினனான். இப்ப தெரிஞ்சுகொண்டு எப்பிடி எழுதுறது?"

வகுப்பு என் கையை விட்டுப் போனது. ஓ.எல். சித்தியடைந்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண் வந்தாள். விரும்பினால் உதவியாளராக நிற்கலாம், பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிடலாம், பால்மா கரைக்கலாம் என்றார் சிஸ்டர். நின்றேன். பிள்ளைகள் பழக்கத்தில் என்னையே 'டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பேன். அவள் நல்லவள், தன் பங்குக்கு அவளும் என்னை அப்படியே கூப்பிட்டாள். அது இன்னும் குத்தியது.

பிறகு சித்தியடைந்தேன். பட்டமும் எடுத்தேன், அதற்கு ஏழு வருடம் பிடித்தது. ஆனால் நினைக்கும்போதெல்லாம் மனம் போய் நிற்பது டவுனில் அந்தச் சோதனை மண்டபத்தில்தான்.

முப்பது பேர் அளவில் இருந்தோம். தலை நரைத்த ஒரு சாரதி, மறிச்சுக்கட்டியிலிருந்து முதல் நாளே வந்து தங்கிய ஒரு தாய், என் வயதில் சிலர். மேசையில் வைத்த தாளில் தொழிலைக் கேட்டிருந்தார்கள். 'முன்பள்ளி உதவியாளர்' என்று எழுதினேன். கடைசியாகப் படித்த வகுப்புக்கு எட்டு. சுற்றிப் பார்க்கவில்லை, கையால் மறைக்கவும் இல்லை. மறைக்க என்ன இருந்தது, பேசாலையின் கோயில் முழுக்க அதற்காக ஒருமுறை மன்றாடி முடித்துவிட்டதே.

வினாத்தாளைக் குப்புற வைத்துவிட்டு, சொல்லும்வரை திருப்பக்கூடாது என்றார்கள். அப்போது பயம் வந்தது. படித்த சமன்பாடுகள் ஒன்றுகூட நினைவில் இல்லை. இது வேறு பயம் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் அதில் இல்லை. கணக்கு வராதே என்ற பயம், அது மட்டும்தான்.

வெள்ளைச் சட்டை போட்டு, ஓ.எல். மண்டபத்தில், மற்றப் பிள்ளைகளோடு பதினாறு வயதில் பட்டிருக்கவேண்டிய பயம். எனக்கு அது முப்பத்தாறில் கிடைத்தது. நன்றாகப் பயந்தேன்.