அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் கெமிஸ்ட்ரி விரிவுரையாளர். அங்கே ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. துணை முதல்வர் தலைவர், உடற்கல்வி ஆசிரியர் உறுப்பினர், எல்லாரிலும் சின்னவள் என்பதால் மினிட்ஸ் எழுதும் வேலை எனக்கு. பையன் என்ன செய்தான், ஏன் செய்தான் என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா வந்து, கைகூப்பி, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. வரும்வரை சஸ்பென்ஷன். சிகரெட் பிடித்தவனுக்கும் இதேதான், பஸ் கண்ணாடியை உடைத்தவனுக்கும் இதேதான். இதற்கு எதற்கு ஒரு குழு, ரப்பர் ஸ்டாம்பு போதுமே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் மாட்டியவர்கள் என்னுடைய இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர். ரெக்கார்டு நோட்டில் நான் பார்க்காத நான்கு பரிசோதனைகளுக்கு அவர்களே என் கையெழுத்தைப் போட்டிருந்தார்கள். என்னைவிட அழகாகவே போட்டிருந்தார்கள். ஒருவன் கெங்கவல்லிப் பக்கம். மற்றவன் திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு கிராமம். அவன் அப்பா ரிக் வண்டியோடு போய் வருடத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடுகிறவர்.

"கையெழுத்து என்னுடையது சார். நானே கண்டித்துவிட்டேன். நான்கு பரிசோதனையையும் மறுபடி செய்யச் சொல்கிறேன், விட்டுவிடலாம்" என்றேன்.

"நீங்க எழுதுங்க மேடம்" என்றார் துணை முதல்வர்.

எழுதினேன். மார்ச்சில் பிராக்டிகல் பரீட்சை. அதற்குள் அப்பா வராவிட்டால் உட்கார முடியாது. ஒரு வருடம் போய்விடும்.

கெங்கவல்லிக்காரனின் அப்பா மூன்றே நாளில் வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் என் பேனா நின்றுவிட்டது. ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருந்த தெருவில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர் அவர். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். போட்டிருந்த சட்டை என் எதிர்வீட்டு பேங்க் அதிகாரியுடையது. பாக்கெட் ஓரத்து மைக்கறை வரைக்கும் எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார்.

"தாயில்லாப் பிள்ளைங்க ஐயா. இந்த ஒரு தடவை மன்னிச்சிருங்க" என்று நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துணை முதல்வருக்குப் பரம திருப்தி. "இப்படி ஒரு அப்பா இருந்துமாடா உனக்குப் புத்தி வரல?" என்று பையனைக் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும். 'தந்தை நேரில் வந்து மன்னிப்புக் கோரினார்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த மினிட்ஸில் பொய்யில்லாதது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

மறுவாரம் இன்னொருவனின் அம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்து, காலையிலிருந்து வராந்தாவில் நின்றிருந்தார்.

"மழை புடிச்சு வேலை நின்னாத்தானுங்க அவுரு வருவாரு. கடுதாசி போட்டிருக்கறமுங்க. நான் வந்திருக்கறனுங்களே, என்னைக் கேளுங்க சாமி."

"அப்பாதாம்மா வரணும். அதுதான் ரூல்" என்றார் துணை முதல்வர்.

அந்த ரூல் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மேடம், நீங்க எழுதுங்க" என்றார் மறுபடியும். பெற்ற தாய் எதிரே நிற்கிறாள், 'பெற்றோர் வரவில்லை' என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதினேன். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வீட்டில் பாத்திரங்கள் மேல் காட்டினேன். வேறு யாரிடம் காட்ட எனக்குத் தைரியம் இருந்தது?

சஸ்பென்ஷனில் இருந்தும் மறுநாள் ரெக்கார்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போக வந்த அவள் பையனை லேபுக்கு வெளியே நிறுத்தினேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன். "உங்க மாமா, சித்தப்பா யாரையாவது கூட்டிட்டு வாப்பா. அப்பான்னு சொல்லட்டும். நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் ரெக்கார்டை இரண்டு கையாலும் நீட்டினான். "கையெழுத்துப் போட்டது தப்புதானுங்க மேடம். ஆனா எங்கப்பா உசுரோட இருக்கறாருங்க. இன்னொருத்தரை அப்பான்னு காட்ட என்னால ஆகாதுங்க."

பிராக்டிகல் அன்று அவன் எண் எழுதிய இடத்தில் நானே பியூரெட்டை மாட்டி நிரப்பி வைத்தேன். கடைசி நேரத்தில் யாருக்காவது மனசு இளகும் என்று ஒரு நப்பாசை. மாலையில் நானே அதைக் கழற்றிக் கழுவினேன். பக்கத்து மேசையில் கெங்கவல்லிக்காரன் நன்றாகச் செய்திருந்தான்.

பரீட்சையெல்லாம் முடிந்து பதினோராம் நாள். துணை முதல்வர் விடுமுறையில் இருந்தார். லேப் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சட்டை முழுக்கக் கல்தூள்.

"கடுதாசி முகாம் முகாமா அலைஞ்சு முந்தாநேத்துத்தான் கைக்கு வந்துதுங்க. லாரி புடிச்சு, ஊட்டுக்குக்கூடப் போகாம நேரா வாரனுங்க டீச்சர். நாந்தானுங்க அவனுக்கு அப்பன்."

பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருக்க வேண்டும், மூடியில் இன்னும் விலைச் சீட்டு இருந்தது.

"எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

இழுப்பறையில் கிடந்த மன்னிப்புக் கடிதத் தாளை எடுத்து நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நின்றபடியே மேசைமேல் குனிந்து, எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். பிறகு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, மை காய ஊதி, என்னிடம் கொடுத்தார்.

"நாளைக்குப் பையனைப் பரீட்சைக்கு அனுப்பிச்சுரட்டுங்களா?" என்றார்.