ஒரு பெட்டி செத்தாலும் ஏழு பேசும்: கல்வராயன் மலை விதைக் கொட்டகைக்கு ஒரு பயணம்

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் ஒரு விதைக் கொட்டகைக்குப் போனேன். மலைமேல் இருபது குடும்பங்கள் தங்கள் சாமை விதையை அங்கே மூட்டை கட்டி வைத்திருக்கின்றன. ஈரம் ஏறினால் விதை சூடாகும், பிறகு முளைக்காது. அதைக் கவனிக்க எட்டு சென்சார் பெட்டிகளை, ஒவ்வொன்றாக முறைவைத்துப் பேசும்படி, ஒரே கம்பியில் கோத்துக் கொடுத்திருந்தேன். ஒன்றில் எறும்பு புகுந்தது. அந்தப் பெட்டி உறைந்துபோய்க் கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ள, மீதி ஏழும் வாயடைத்துவிட்டன. விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறி, கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, மலைக்கு வேன் பிடித்தேன். ஐம்பது ரூபாய். வளைவுகளில் அட்டைப்பெட்டியை நான் கட்டிப்பிடித்திருந்த அழகைப் பார்த்து டிரைவர், "உள்ள இன்னா சார், கோழிக்குஞ்சா?" என்றார்.

உள்ளே எட்டு சின்ன சர்க்யூட்டுகள். பெட்டிக்கு ஒன்று. தன் முறை முடிந்தும் ஒரு பெட்டி கம்பியை விடாவிட்டால், இது அந்தப் பெட்டியை மட்டும் துண்டித்துவிடும். இந்த வேலையைப் பெட்டியின் மூளையான மைக்ரோகண்ட்ரோலரிடமே கொடுக்க முடியாது. உறைந்துபோவதே அதுதானே!

எட்டையும் மாட்டி முடித்தேன். ஆனால் அந்த இருபது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவரும், கொட்டகையைப் பார்த்துக்கொள்பவருமான மல்லிகாவுக்கு என் விளக்கமெல்லாம் எடுபடவில்லை.

"போன தபாவும் நல்லாத்தான் சொன்னீங்க. எதைக் கெடுக்கறதுன்னு நான் சொல்றேன், கெடுத்துக் காட்டுங்க."

நான் கடைசிப் பெட்டியைக் காட்டினேன். அவர் முதல் பெட்டிக்குப் போய், சோதனைக்கென்று வைத்திருந்த பொத்தானை அழுத்திவிட்டார். பெட்டி உறைந்தது. எண்களைக் காட்டும் திரை வெறுமையானது. அடுத்த மூச்சில் ஏழு எண்கள் வரிசையாக வந்து விழுந்தன! ஆனால் ஆறாவது மட்டும் நாற்பது டிகிரி காட்டியது.

"இதுவும் கெட்டுப்பூடுச்சா?" என்றார் மல்லிகா.

எனக்கும் அதே பயம்தான். அவர் ஆறாம் பெட்டி இருந்த மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டார். "அய்யய்யோ, சுடுதுங்க சார்!"

மழை ஒழுகும் கூரை ஓட்டைக்கு நேர் கீழே இருந்த மூட்டைகள். ஆறாம் பெட்டி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. முதல் பெட்டி செத்துக் கிடக்கும்போதே சொன்னது! விதையை வெயிலில் பரப்பி முடித்தபோது, நான் வெட்கமில்லாமல் விசிலடித்தேன்.

போகிறவர்களுக்கு: கடைசி வேன் எப்போதென்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கம்பியில் பல கருவிகளை மாட்டுகிறவர்களுக்கு: எதைக் கெடுத்துச் சோதிப்பது என்பதை விதைக்குச் சொந்தக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

நேற்று மல்லிகா ஒரு படம் அனுப்பினார். செம்மண்ணில் வரிசையாகப் பச்சை. கீழே ஒரே வரி: "சுட்ட மூட்டைதாங்க சார், மொளச்சிடுச்சி."