லைனுக்கு ஒரே ஒரு பட்டுச் சேலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லைன் வீடுகளில் அப்போது ஒரே ஒரு பட்டுச் சேலைதான் இருந்தது. கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. தண்டவாளக் கூலிகளை மேய்க்கிற மண்டோரின் பெண்சாதி மாரியாயியின் கல்யாணச் சேலை அது. லைனில் யாரையாவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், முதல் நாளே அந்தச் சேலை மாரியாயி வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பிவிடும். கட்டிய பெண்கள் எல்லோருக்கும் கல்யாணம் கூடியதால் அதற்கு ராசியான சேலை என்று பெயர். உள்ளே இருக்கிற பெண்ணுக்கு என்ன ராசி என்று யாரும் கேட்டதில்லை.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ரெங்கசாமியின் மகள் நல்லம்மாளுக்கு அந்தச் சேலையைக் கண்டாலே ஆகாது.

உடுப்பு விஷயத்தில் நல்லம்மாள் ஒரு தனி ரகம். பாசாருக்குக் கீரை வாங்கப் போனால் கண் கீரையில் இருக்காது. மலாய்க்கார அக்கா கெபாயாச் சட்டையில் குத்தியிருக்கிற ஊசி ஒரு வரிசையில் நிற்கிறதா, சிலோன் கிராணி வீட்டு அம்மா குடையின் நிறமும் சேலைக் கரையின் நிறமும் ஒத்துப்போகிறதா, துரைசானி தலையில் இருப்பது தொப்பியா பழக்கூடையா என்றெல்லாம் பார்த்துக்கொண்டே நடப்பாள். வீட்டுக்கு வந்து சேரும்போது கீரை வாடியிருக்கும்.

ஒரு நாள் கோணல் வகிடு எடுத்துச் சீவினாள். அம்மா அகப்பையோடு ஓடி வந்தாள்.

"கோண வகிடு குடும்பத்துக்கு ஆகாதுடி!"

"யார் குடும்பத்துக்கும்மா? எதிர்வீட்டு வாத்தியாரம்மா எடுக்குறாங்க, அவங்க குடும்பம் காரு வாங்கியிருக்கு."

அம்மா அகப்பையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பதில் இல்லாதபோது அம்மா அகப்பையைத்தான் காட்டுவாள்.

சைக்கிளில் துணிமூட்டை கட்டி வருகிற வங்காளியிடம் நல்லம்மாள் ஒரு மெல்லிய வாயல் சேலை எடுத்து வைத்திருந்தாள். வெளிர்நீலம், அதில் மிளகு அளவில் வெள்ளைப் பொட்டுகள். அதற்குக் கருநீலத்தில் ஒரு ஜாக்கெட்டு. வழக்கமாக எல்லோரும் போடுகிற, கையை இறுக்கிப் பிடிக்கிற ஜாக்கெட்டு அல்ல. தோளில் உப்பி நிற்கும் பப்பு கை. தெருமுனைச் சீனத் தையல்காரியிடம் காற்றில் கையாலேயே வரைந்து காட்டித் தைக்கச் சொன்னாள்.

"பெசார் லா! இவ்ளோ பெரிசா? பறந்து போவா நீ!" என்று சிரித்தாள் தையல்காரி. ஆனாலும் சொன்னபடி தைத்துக் கொடுத்தாள்.

தன்னை யாராவது பார்க்க வந்தால் இந்த உடுப்பில்தான் பார்க்க வேண்டும் என்பது நல்லம்மாளின் ஒரே ஆசை. காலம் முழுக்கக் கூட இருக்கப் போகிறவர்கள், தன்னை உள்ளபடியே பார்த்துவிட்டு வேண்டும் என்று சொல்லட்டும், வேண்டாம் என்றும் சொல்லட்டும். மாரியாயி சேலையைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னால், அவர்கள் மாரியாயி சேலைக்கல்லவா தாலி கட்டுகிறார்கள்?

கிள்ளானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகத் தகவல் வந்ததும், அம்மா நேராக மாரியாயி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அம்மா, நான் என் சேலையையே கட்டிக்கிறேனே."

"எது, அந்தத் தலகாணி உறையா? ஒரு பட்டு இல்ல, சரிகை இல்ல. தோள்ல ரெண்டு பூசணிக்காய வேற கட்டித் தொங்கவிட்டிருக்க."

மாரியாயி சேலையைக் கொண்டு வந்து கொடுத்தபோது எப்போதும் போல உபதேசமும் கொடுத்தாள்: "மடிப்பு கலையக் கூடாது. உக்காந்தா மெதுவா உக்காரு. போன தீவாளிக்குச் சந்திரகலாவப் பாக்க வந்தவங்கள்ல ஒருத்தி கரையில கோப்பியக் கொட்டிட்டா, அந்தக் கறை இன்னும் போகல. அந்தப் பக்கத்தை உள்ள விட்டு மடி."

அந்தச் சந்திரகலா கல்யாணம் முடிந்து செந்தூல் போய்ச் சேர்ந்துவிட்டாள். கறை மட்டும் லைனிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேசரி வாசனையும் வாழைக்காய் பஜ்ஜி வாசனையும் லைன் முழுக்கப் பரவியது. பச்சைச் சேலையில் அடைபட்டு, வாழைமரம் போல நின்றுகொண்டு, நல்லம்மாள் திரைச்சீலை இடுக்கு வழியாக முன்னறையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை பெயர் தம்புசாமி. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுக ஆபிஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. மற்ற பெண்களானால் மூக்கைப் பார்த்திருப்பார்கள், மீசையைப் பார்த்திருப்பார்கள். நல்லம்மாள் கோட்டைப் பார்த்தாள். தோள்மூட்டு முழங்கைக்குப் பாதி வழி இறங்கியிருந்தது. கை நீளம் விரல்களை விழுங்கியிருந்தது. பஜ்ஜியை எடுக்கும்போதெல்லாம் அவர் ஒரு முறை கையை உதறி, விரலை வெளியே வரவழைத்து, அப்புறம்தான் எடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அம்மாடி, கோப்பியக் கொண்டு வா," என்று அப்பா கூப்பிட்டார்.

தட்டோடு போய்க் குனிந்து மாப்பிள்ளையின் தாயார் இராஜம்மாவிடம் நீட்டினாள். இராஜம்மா வாட்டசாட்டமான பொம்பளை. வாயில் வெற்றிலை, கண்ணில் தராசு. அந்தக் கண் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, கழுத்திலிருந்து சேலைக்கு இறங்கி, கரையில் வந்து நின்றுவிட்டது. குனிந்ததில் உள்ளே விட்ட மடிப்பு வெளியே வந்திருந்தது.

இராஜம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"இந்தக் கறை நான் போட்டதாச்சே!"

தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் கூவிக்கொண்டு போனது.

"போன தீவாளிக்கு எங்க அண்ணன் மகனுக்குப் பொண்ணு பாக்க இதே லைனுக்குக் கூட வந்தேன். கை தவறிக் கோப்பி கொட்டினது நான்தான். அந்தப் பொண்ணு இப்ப செந்தூல்ல எங்க அண்ணன் வீட்டு மருமக. அவ சேலை இங்க எப்படி வந்துச்சு?"

"கறை எல்லாச் சேலையிலயும் இருக்குந்தானே சம்பந்தி..." என்று அம்மா இழுத்தாள். கையில் அகப்பை இல்லாததால் அவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இன்னும் சம்பந்தி ஆகலம்மா. இரவல் சேலையக் கட்டிக் காட்டினா, நாளைக்கு எது சொந்தம் எது இரவல்னு நான் எப்படி நம்புறது? தம்பி, எந்திரி."

அப்பா தலை குனிந்துகொண்டார். நல்லம்மாளுக்குக் காதெல்லாம் சுட்டது. தன்னை இவர்கள் பார்க்கவே இல்லை. பார்க்காமலே வேண்டாம் என்று போகப் போகிறார்கள், அதுவும் மாரியாயி சேலைக்காக!

"சேலை இரவல்தான், அத்தை," என்றாள். அத்தை என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். அவள் நிறுத்தவில்லை. "அவங்க கோட்டு யாரோடது?"

இராஜம்மா திரும்பி மகனைப் பார்த்தாள். அப்போதுதான் எழுந்து நின்றிருந்த தம்புசாமியின் கோட்டு முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தம்புசாமிக்கு முதலில் உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எங்க ஆபிஸ் பெரிய கிராணியோடது. அவரு ஆறடி உசரம். வேணாம்னுதான் சொன்னேன். அம்மாதான் கோட்டு இல்லாமப் போனா மதிக்க மாட்டாங்கன்னாங்க."

"டேய்!" என்றாள் இராஜம்மா.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே மெல்லிய நீலக்கோடு போட்ட சட்டை. காலர் கத்தி மாதிரி நின்றது. இந்த மனிதருக்குத் துணி எடுக்கத் தெரியும் என்று நல்லம்மாள் அந்த நொடியே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

"கோப்பி ஆறுறதுக்குள்ள வந்துடுறேன், அத்தை," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது வெளிர்நீலச் சேலையில் வெள்ளைப் பொட்டுகள் மினுங்கின. தோளில் பப்பு கை இரண்டும் புறா போல உட்கார்ந்திருந்தன. கோணல் வகிடு கூட எடுத்துவிட்டாள். இனிமேல் பயந்து என்ன ஆகப் போகிறது? தம்புசாமி கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

இராஜம்மா, "கிட்ட வா," என்றாள். உப்பலான கையை ஒரு விரலால் அமுக்கினாள். அமுங்கியது. விட்டதும் எழும்பியது. மறுபடியும் அமுக்கினாள்.

"உள்ள என்னத்தடி வச்சுத் தச்சிருக்க? பஞ்சா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. சுருக்கு வச்சு, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினது."

"ம்." வெற்றிலை மெல்ல ஆரம்பித்தது. "என் கை உலக்கையாட்டம் இருக்கு. எனக்கெல்லாம் இது நல்லாவா இருக்கும்?"

"இருக்கும். உப்பலக் கொறச்சு, கை நீளத்தக் கொஞ்சம் கூட்டினா ரொம்ப எடுப்பா இருக்கும். நானே தையல்காரிகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

இராஜம்மா ரெங்கசாமியைப் பார்த்துத் திரும்பினாள். "கேசரி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க, சம்பந்தி."

தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. செய்தி லைன் முனையைத் தொடுவதற்குள் மாரியாயி வந்து நின்றாள். பச்சைச் சேலையை வாங்கிப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்து நல்லம்மாள் எடுத்து நீட்டினாள். மாரியாயி அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்ன பெரியம்மா?"

"என் தங்கச்சி மகள வர்ற வாரம் பாக்க வர்றாங்க. அந்தப் பொட்டுச் சேலை... ராசியான சேலையாமே. ஒரு நாளைக்குக் குடேன்."

நல்லம்மாள் திகைத்துப் போனாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சேலைய வேணா எடுத்துட்டுப் போங்க பெரியம்மா. ஜாக்கெட்ட மட்டும் கேக்காதீங்க. அது எனக்கு அளவெடுத்தது."

"அந்தக் கை இல்லாமச் சேலைய வச்சு என்னடி பண்றது?"

"அவளையும் தையல்காரிகிட்ட அனுப்புங்க. அவளுக்கு என்ன கை புடிக்குதோ, அவளே காத்துல வரைஞ்சு காட்டட்டும்."