வலியைச் சின்னதாக்குகிறவள்

அலுவலகத்தில் அவளுக்குக் குட்டிக்காரி என்று பெயர். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கு வரும் ஸ்பானிஷ் அழைப்புகளை எடுத்துப் பேசுவது வேலை. ஸ்பானிஷில் சொல்லின் வாலை மாற்றினால் போதும், பொருள் குட்டியாகிவிடும், கூடவே செல்லமும் ஒட்டிக்கொள்ளும். மினூத்தோ என்றால் நிமிடம். மினுத்தீத்தோ என்றால் குட்டி நிமிடம். தொலோர் என்றால் வலி; தொலோர்சீத்தோ குட்டி வலி. கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கேட்கிறவருக்குக் கோபம் வராது. கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

வாடிக்கையாளர் சத்தம் போட்டு மேலதிகாரியைக் கேட்டுவிட்டால் எடுத்தவருக்குக் கரும்புள்ளி. கரும்புள்ளி விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. நிரந்தரமானால்தான் படுக்கையில் கிடக்கும் அம்மாவைக் காப்பீட்டில் சேர்க்க முடியும். அதனால் அவள் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசக் கற்றுக்கொண்டாள்.

ஒரு மதியம் கிழவி ஒருத்தி அழைத்தாள். கணவருக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆம்புலன்ஸ் வேண்டும். ஆம்புலன்ஸ் அனுப்ப ஒப்புதல் தர வேண்டிய கம்பெனி டாக்டரோ சாப்பிடப் போயிருந்தார். வேறு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழவி கத்துவாள், மேலதிகாரியைக் கேட்பாள். இவள் பாட்டிக்குட்டி என்று குழைந்தாள். குட்டி வலிதானே, குட்டி நிமிடம் பொறுங்கள் என்றாள். கிழவி நம்பினாள், நன்றிகூடச் சொன்னாள். குட்டி நிமிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில், அவருக்கு மூச்சு இல்லை என்றாள் கிழவி. அப்போதும் குரல் உயரவில்லை. படுபாவி, இவள் அந்த அளவுக்குத் தாலாட்டி வைத்திருந்தாள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். போகட்டும், அதுதான் நியாயம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

"புருஷன் செத்துட்டாரு, அந்தம்மா ஒரு வார்த்தை சத்தமா பேசலை. இது யாருக்கும்மா வரும்?"

நிரந்தர வேலைக்கான உத்தரவை நீட்டினார். இனிமேல் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி தர வேண்டுமாம்.

"வகுப்புல அந்தப் பதிவை மட்டும் போட வேண்டாம் சார்," என்றாள்.

"அதுதான்மா முதல் பாடம்."

அம்மாவின் முகம் கண்ணில் வந்து நின்றது. வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வகுப்பில் புதியவர்கள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பதிவு ஓடியது. கிழவி நன்றி சொல்லும் இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தாள்.

"கவனிச்சீங்களா?" என்றாள்.