எத்தனை நாள் தள்ளணும்?

போன வியாழக்கிழமை சிங்கம்புணரியிலிருந்து என் மாமியார் போன் செய்தார். "பதினெட்டாந்தேதி குலதெய்வக் கும்பிடு. உனக்கு அப்பத்தான வரும்? மாத்திரையைப் போட்டுத் தள்ளிப்போட்டுட்டு வந்துரு."

பதினைந்து வருடமாகக் கேட்கிற வசனம். நானும் தட்டியதில்லை. காரைக்குடியில் எங்கள் தெரு மெடிக்கலில் போய் நின்றேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தனை நாள் தள்ளணும்க்கா?"

அவ்வளவுதான். என்னவோ பால் பாக்கெட் கேட்ட மாதிரி!

மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிய பிறகுதான் டாக்டரம்மா நினைவுக்கு வந்தார். போன மாதம்தான் தலைவலிக்காக அவரைப் பார்த்திருந்தேன். அவர் அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தது நாற்பத்து நான்கு வயதில். சித்திக்கு நாற்பத்தொன்றில். எனக்கு இப்போது முப்பத்தொன்பது... கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வருகிற ஒற்றைத் தலைவலி வேறு.

"ரத்தம் சீக்கிரம் உறையுற தன்மை உங்க குடும்பத்துல இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். ஹார்மோன் மாத்திரை எதையும் என்னைக் கேக்காமத் தொடாதீங்க" என்றார்.

இந்த மாத்திரை எல்லோருக்கும் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு ஆபத்து. அந்தச் சிலரில் நாம் உண்டா என்று யாராவது கேட்க வேண்டாமா?

அம்மாவால் இன்றும் வலது கையால் சோறு பிசைய முடியாது. எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிட அதிகமாகக் கோபம். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமியாருக்குப் போன் போட்டேன்.

"மாத்திரை போட மாட்டேன் அத்தை. டாக்டர் கூடாதுன்னுட்டாக."

"ஊரு உலகத்துல யாரும் போடலையா? தெய்வக்குத்தம் ஆயிருமே!"

"சாமிகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்குக் கை கால் விழுந்துட்டா, என் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்லுவீக?"

நான் விடவில்லை.

"போன வருஷம் கொழுந்தனாருக்கு லீவு கிடைக்கலைன்னு தேதியை மாத்துனீக. அதுக்குக் கோவிச்சுக்காத சாமி, இதுக்கா கோவிச்சுக்கப் போகுது?"

டக்கென்று போனை வைத்துவிட்டார்.

ஆபீஸ் லீவுக்காகத் தேதி நகரும். ஒரு பெண்ணின் ரத்தக்குழாய்க்காக நகராதா? எத்தனை வருடம்தான் உடம்பையே நகர்த்திக் கொண்டிருப்பது?

ஞாயிறு காலை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கொழுந்தனாரின் அறிவிப்பு: "அம்மா சொன்னபடி, தவிர்க்க முடியாத காரணத்தால் கும்பிடு ஒரு வாரம் தள்ளி வைக்கப்படுகிறது."

"அப்படி என்னப்பா காரணம்?" என்று பெரிய மாமா கேட்டார். குரூப்பில் முப்பது பேர்.

நான் டைப் செய்தேன்: "நான்தான் மாமா!"