வாலில் கட்டிய கதம்பம்

தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் ஒரு தெர்மாகோல் கம்பெனி இருக்கிறது. வாஷிங் மெஷினும் டிவியும் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க மூலைக்கு மூலை வைக்கிறார்களே, அந்த வெள்ளைக் கட்டைகளை வார்க்கிற கம்பெனி. துளசிராமன் அங்கே சூப்பர்வைசர். ஆனால் சம்பளச் சீட்டைத் தவிர வேறெதுவும் அவரை சூப்பர்வைசர் என்று சொன்னதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதல் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'ஏரோப்ளேன்'. "ஏரோப்ளேன் வந்துட்டாரா?" "ஏரோப்ளேன் இன்னிக்கு லீவு." கேலியாகத் தொடங்கிய பெயர்தான். போகப் போக அவருக்கு அது பட்டம் மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் யாராவது புதியவர் "துளசிராமன் சார்" என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும்.

பெயர் வந்த வகை இது. கவரைப்பேட்டை பக்கத்துக் கிராமத்தில் தம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, தெர்மாகோலை அறுத்து, ஒட்டி, மோட்டாரும் பேட்டரியும் வைத்து, ரிமோட்டில் பறக்கும் விமானம் செய்தார். ஓர் ஆயுத பூஜையன்று அதன் வயிற்றில் காகித டீ கப் ஒன்றைப் பொருத்தினார். ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் கப் கவிழும். கற்பூரம் காட்டி முடிந்ததும் விமானம் கிளம்பி, ஷெட்டைச் சுற்றி வந்து, வாசலில் நின்ற கூட்டத்தின் மேல் சாமந்தி இதழ்களைக் கொட்டியது. முதலாளி வெங்கடேசன் கைகூப்பிவிட்டார். அன்றிலிருந்து அது கம்பெனி வழக்கம். பூசணிக்காய் உடைப்பதைப் போல, பொரி கொடுப்பதைப் போல, ஏரோப்ளேன் பூ போடுவதும் ஒரு சடங்காயிற்று. பூ விழாத வருஷம் ஆர்டர் குறையும் என்று சொல்லும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

அங்கேதான் பரணிதரன் வந்து சேர்ந்தான்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். அப்பனும் அண்ணனும் வலை போடுகிறவர்கள். இவன் ஐடிஐ முடித்துவிட்டு மோல்டிங் மெஷின் ஓட்ட வந்தான். நல்ல வேலைக்காரன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். துளசிராமனுடைய விமானத்தை ஒரு தடவை பார்த்தான். "சூப்பர்ணா" என்றான். அதோடு சரி. எப்படிச் செய்தீர்கள், என்ன மோட்டார், என்ன பசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் துளசிராமன் சொல்லியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். கேட்கவில்லை என்பதுதான் அவருக்குத் தைத்தது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்கு எதிரே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் காலி மனையில் ஒரு விமானத்தோடு வந்து நின்றான் பரணி. இறக்கைக்கு எடுத்திருந்த தெர்மாகோல், அச்சில் சரியாக வேகவில்லை என்று துளசிராமனே கழித்துப்போட்ட வாஷிங் மெஷின் கட்டை. உடம்புக்கு இறால் அனுப்பும் ஐஸ் பெட்டியின் மூடி. இறக்கைக்கு நடுவே முதுகெலும்பாக உடைந்த தூண்டில் கம்பி. வரைபடம் கிடையாது. ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கையால் தடவித் தடவியே வளைவு கண்டிருந்தான். இடது இறக்கையின் நுனி வலதைவிடச் சற்றுத் தடித்திருந்தது துளசிராமன் கண்ணில் உடனே பட்டது. 'இது எங்கே பறக்கப் போகுது' என்று நெஞ்சு குளிர நின்றார்.

பறந்தது. சும்மா பறக்கவில்லை. கையிலிருந்து விட்டதும் இரண்டாள் உயரத்தில் அப்படியே மிதந்து, மெல்ல ஏறி, வளைந்து, மோட்டாரை நிறுத்திய பிறகும் இறங்க மனமில்லாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. துளசிராமனுடைய விமானம் எப்போதும் ஏதோ அவசர வேலைக்கு ஓடுவதுபோல் ஓடும். இது வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிற்று.

வெங்கடேசன் காரை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"பரணி, ஆயுத பூஜைக்கு இந்த வருஷம் இத்தையே உட்ரலாமா?"

கேட்ட பிறகுதான் பக்கத்தில் நின்ற ஆள் ஞாபகத்துக்கு வந்தார் போலும். "ஏரோப்ளேன், உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்குமில்ல?"

"அதுக்கின்னா சார், தாராளமா" என்றார் துளசிராமன்.

பந்தியில் தம் இலையைத் தாண்டிப் பக்கத்து இலைக்குப் பாயசம் போனால் ஒருவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வானோ அப்படி வைத்துக்கொண்டார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒருவன், "டேய் ஏரோப்ளேன், டிக்கெட் எடுத்தியா?" என்று கத்தினான். துளசிராமன் திரும்பினார். அவன் கூப்பிட்டது பரணியை.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. பரணி தன் விமானத்தைக் கம்பெனி ஸ்டோர் ரூமில்தான் வைத்திருந்தான். ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே போனார். இறக்கைக்கு அடியில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு தள்ளி இரண்டு விரலை வைத்துத் தூக்கினார். அந்த இடத்தில் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு சாய்ந்தால் மந்தம், வால் சாய்ந்தால் ஆபத்து. இந்தக் காட்டுப்பயல் இதையாவது கோட்டை விட்டிருப்பான் என்று அவருக்கு ஓர் ஆசை. தூக்கினார். தராசு முள்போல மட்டமாக நின்றது. இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். அப்போதும் அப்படியே நின்றது. யாரோ செருப்பால் அடித்ததுபோல் வெளியே வந்தார்.

வீட்டில் புது விமானம் ஒன்று தொடங்கினார். வில்லில் கம்பி கட்டி, கரண்டில் சூடாக்கி, அச்சுப் பலகை வைத்து இறக்கையை அறுத்தார். இரண்டு பக்கமும் நூல் பிசகவில்லை. இணைப்புக்கு இணைப்பு பசை, பசையின் மேல் டேப், டேப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டிய கலர் பேப்பர், அதற்கும் மேல் பெயிண்ட்.

"இன்னாங்க, ப்ளேனுக்கு ஸ்வெட்டர் போடுறீங்களா?" என்றாள் மனைவி திலகவதி.

"ஃபினிஷிங்னு ஒண்ணு கீது. அவன்து பாத்தா மீன் பொட்டி மாரி இருக்கும்."

"மீன் பொட்டி மாரி இருந்தாலும் கொக்கு மாரி போச்சாமே. பக்கத்து ஊட்ல பேசிக்கினாங்க."

"எவன் சொன்னது?"

"எவன் சொன்னா இன்னா? என் இஸ்திரிப் பொட்டிய மொதல்ல குடுங்க. புடவையெல்லாம் பசையாப் பூடுது."

அறுவடை முடிந்த வயலில் காலையில் கொண்டுபோய் விட்டார். கிளம்பியது. மோட்டார் அலறியது. வரப்பைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, முன்னால் சரிந்து, சொத்தென்று தாளடியில் உட்கார்ந்தது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அதுதான் கொடுமை. உடைந்திருந்தால் விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். கனம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல அந்த விமானம் இடமே வைக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஊழியர் குடும்பங்களெல்லாம் பட்டுப் பாவாடை, புதுச் சட்டையுடன் வந்து ஷெட் வாசலில் நின்றன. சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர் எல்லாம் வரிசையாக இருக்க, நடுவில் பரணியின் விமானம், வயிற்றில் சாமந்தி இதழ் நிரப்பிய கப்போடு.

துளசிராமன் சுண்டல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அங்கிருந்துதான் அதைப் பார்த்தார்.

துப்புரவு வேலை செய்யும் செங்கம்மாள், விமானத்துக்குப் பூ வைத்திருந்தாள். சும்மா ஒரு பூ அல்ல. பன்னீர் தெளித்து ஈரம் சொட்டும் கதம்பம் ஒரு முழம், இரண்டாக மடித்து வாலில் கட்டியிருந்தாள். வால் துடுப்பின் இரண்டு பக்கமும் கட்டியாகச் சந்தனம் அப்பியிருந்தது.

"முன்னாடி கட்னா காத்தாடி இழுத்துக்கும் இல்ல நைனா? அதான் பின்னால கட்டிக்கிறேன்" என்று பரணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாரு, கல்யாணப் பொண்ணு ஜடை மாரி கீது."

"செம்மையா கீதுக்கா!" என்று பரணி செல்போனில் படம் எடுத்தான்.

அவள் யோசித்துத்தான் கட்டியிருந்தாள். காற்றாடியில் நார் சிக்கினால் மோட்டார் போய்விடும் என்பது சரியான யோசனை. ஆனால் மொத்தமும் ஒரு தேங்காய் கனம்கூட இல்லாத விமானத்துக்கு, வாலில் ஈரக் கதம்பம் என்பது சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை வைத்த மாதிரி. கற்பூரம் காட்டியதும் பரணி அதைத் தூக்கினான். வழக்கமாக இரண்டு விரலில் ஏந்துகிறவன் இன்று மணிக்கட்டை மடக்கிப் பிடித்திருந்தான். வால் கீழே இழுப்பதை அவன் கை சமாளித்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அவனுக்கு அது தெரியவில்லை.

துளசிராமனுக்குத் தெரிந்தது.

விழட்டும் என்று நினைத்தார். கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், நின்ற இடத்தில் நிற்கும், அப்புறம் தலைகுப்புற வரும். எல்லோரும் பார்ப்பார்கள். அந்தக் காட்சியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது பல வாரங்களாக வயிற்றில் இருந்த காந்தல் இறங்கி, சுண்டல்கூட ருசித்தது.

கூடவே இன்னொன்றும் ஓடியது. விமானம் விழுவது கூட்டத்தின் மேல். சுழலும் காற்றாடியோடு. அதன் பிறகு வெங்கடேசன் என்ன சொல்வார்? 'இனிமே ப்ளேனே வேணாம்' என்பார். பரணியும் இல்லை, துளசியும் இல்லை. பூ போடுகிற வழக்கமே போய்விடும். அடுத்த வருஷம் தாம் திரும்பப் பிடிக்க வேண்டிய இடம், அந்த இடமே இருக்காது.

சுண்டலைக் கீழே வைத்துவிட்டு வேகமாகப் போனார்.

"பரணி, அந்தப் பூவ அவுத்துட்டு உடு."

செங்கம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு வெச்ச பூவ அவுக்கச் சொல்றியே ஏரோப்ளேனு, நல்லா இருக்குதா?"

"வால் கனம். மேல போனா கவுந்துரும். நான் சொல்றேன்."

பரணி அவரைப் பார்த்தான். கோபமில்லை. அந்தப் பார்வையில் ஒரு மாதிரியான பரிதாபம் இருந்தது. குரலைத் தாழ்த்தி, "அண்ணா, ஸ்டோர்ல என் ப்ளேனைத் தூக்கித் தூக்கிப் பாத்தது எனக்குத் தெரியும்ணா. இன்னிக்கு ஒருநாள் வயிறெரியாத இருங்கண்ணா" என்றான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெங்கடேசன், "துளசி, நல்ல நேரம் போய்க்கினு கீது, தள்ளிக்கோப்பா" என்றார்.

அவர் தள்ளி நின்றார். காது இரண்டும் சுட்டன. வாழ்க்கையில் பொறாமை இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஆனால் உண்மையான வார்த்தை.

பரணி விட்டான். விமானம் கையை விட்டதும் குதிரை முன்காலைத் தூக்குவதுபோல் மூக்கைத் தூக்கியது. அவன் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினான். சடாரென்று கவிழ்ந்தது. பின்னால் இழுத்தான். மறுபடி நிமிர்ந்து நின்றது. வாலில் கதம்பம் உதறியது. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பரணியின் முகம் வெளுத்தது.

"அண்ணா! புடிங்கண்ணா!"

ரிமோட் துளசிராமன் கையில் இருந்தது. தந்தானா, பிடுங்கினாரா என்பது அவருக்கே தெரியாது. வேகம் குறையக் கூடாது. மோட்டாரை ஏற்றினார். மூக்கை அமுக்கியே வைத்திருக்கும்படி திருத்தும் பொத்தானைத் தட்டித் தட்டி இறக்கினார். குச்சியை மயிரிழைக்கு மேல் அசைக்கவில்லை. விமானம் குடிகாரன்போல் ஆடிக்கொண்டே காலி மனைப் பக்கம் போயிற்று. அகலமாக, மிக அகலமாக ஒரு வளைவு. அந்த வளைவில்தான் அவருக்குப் புரிந்தது. இத்தனை கனத்தை வாலில் வைத்துக்கொண்டு, தடித்த இறக்கை நுனியோடு, இது இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் செய்தது எதுவானாலும் இந்நேரம் தரையில் கிடந்திருக்கும்.

கூட்டத்தின் மேல் ஒரு தடவை கொண்டுவந்தார். பூ சுவிட்சின் மேல் கட்டைவிரல் இருந்தது. தட்டாமலும் இறக்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தட்டினார். இதழ்கள் விழுந்தன. வேகத்தோடே கொண்டுபோய் மனையின் புல்லில் வயிறு தேய இறக்கினார்.

கைதட்டல் முழுக்கப் பரணியின் விமானத்துக்கு. பரணி ஓடிவந்து எல்லோரும் கேட்கக் கத்தினான்: "அண்ணன்தான் சார் காப்பாத்துனாரு! மொதல்லயே சொன்னாரு, நான்தான் கேக்கல!" அந்தப் பெருந்தன்மைதான் துளசிராமனுக்குத் தாங்கவில்லை. பயல் அதிலும் முந்திவிட்டான்.

வெங்கடேசன் அவர் தோளில் கைபோட்டார். "சரியான ஜோடி. இனிமே வருஷா வருஷம் ப்ளேன் பரணியோட்து, ஓட்றது நீ."

"அடுத்த வருஷம் என் ப்ளேன் கீது சார்" என்றார் துளசிராமன்.

தமாஷ் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். செங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வால் கதம்பத்தை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தபடி திலகவதி கேட்டாள். "நீங்கதான் ஓட்னீங்களாமே அந்தப் பையன் ப்ளேன? எப்பிடித்தான் கீது?"

துளசிராமன் ஒரு பிடி பொரியை வாயில் போட்டு மென்றார்.

"நல்லாப் பறக்குது" என்றார். "அதான் பேஜாரு."