லைனைப் பிடித்துக்கொண்ட கம்ப்யூட்டர்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பல்லி, பல் டாக்டர், ஆபீசுக்கு வரும் புது மானேஜர்... எல்லாமே எனக்குப் பயம்தான். ஆனால் போன வாரம் ஆயுத பூஜையன்று பட்ட பயம் வேறு வகை. எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மலாக்கா பக்கம், மெர்லிமாவில் எங்கள் வரிசையில் போன் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும். அதனால் எங்கள் நம்பர் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நாலு குடும்பங்கள் பள்ளிக்கூட பாரத்திலும், பேக்டரி பாரத்திலும், ஆஸ்பத்திரி கார்டிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் போன் வந்தால் நான் வாசலில் நின்று குரல் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வீடு தள்ளி மணியம் அண்ணனும் அஞ்சலை அக்காவும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. பூஜைக்கு மூன்று நாள் முன்பு இருவரும் சுங்கை ரம்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது ஒரு லாரி உரசிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கை முறிவு. அண்ணனுக்குத் தலையில் அடி. நினைவே திரும்பவில்லை.

மலாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள், ஏதாவது என்றால் போன் செய்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். 'ஏதாவது' என்றால் என்ன? அக்காவுக்கு அதில் ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்தது. சத்தியமாக, எனக்கும் அப்படித்தான்.

பூஜையன்று காலை எட்டு மணிக்கே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் லீவு எடுத்திருந்தேன்.

கூடத்தின் அந்தப் பக்கம் பூஜை. கத்தி, கத்தரிக்கோல், தையல் மெஷின், என் பேனா... எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த வருடம் வாங்கிய கம்ப்யூட்டர். கோலாலம்பூரில் படிக்கும் மகள் கவிதா அதற்கு முந்தின வாரம் வந்திருந்தபோது அதன் திரையில் சரஸ்வதி படத்தை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மன் வெளிச்சமாக இருக்கட்டும் என்று என் மனைவி கம்ப்யூட்டரைப் போட்டு, மேலே சந்தனம், குங்குமம், பூ வைத்தாள். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. தொடுகிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

ஒன்பதரை மணிக்கு, நாமே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேட்போமே என்றேன். அக்கா பதறிவிட்டார்.

"வேணாம் தம்பி. நாம கூப்பிடுற நேரம் பாத்து அவங்க கூப்பிட்டா லைன் கெடைக்காதுலா."

ஆக, கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது, போனையும் தொடக்கூடாது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட அக்காவின் தோள் துடித்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. போன் அடிக்கவில்லை. அடிக்காத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அக்கா சரஸ்வதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நாலு வீட்டுப் போன் இது. ஒருவர்கூடவா கூப்பிடமாட்டார்கள்?

ஒன்றரை மணிக்கு அக்கா முகம் கழுவப் பின்பக்கம் போனார். நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். கிர்ர்ர் என்று ஓர் இரைச்சல். திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

சரஸ்வதியின் காலடியில், திரையின் மூலையில், இரண்டு குட்டிப் பெட்டிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இருந்தது! அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று, போட்டவுடன் அதுவே போன் செய்து இமெயிலைப் பார்க்கும்படி கவிதா செய்து வைத்திருந்தாள். அந்த இரைச்சல் பிடிக்கவில்லை என்று அவள் அம்மா சொன்னதால் சத்தத்தையும் அடைத்திருந்தாள். பார்த்து முடித்ததும் லைனை விடச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து லைன் அதன் கையில்.

மனைவியிடம் கிசுகிசுத்தேன். அவள் அம்மனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பின்பக்கக் கதவைப் பார்த்தாள்.

"ஒயரைத்தானே புடுங்கணும்? ஒயருக்கு நான் பொட்டு வைக்கல. புடுங்குங்க" என்றாள்.

பிடுங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. நான் கை நீட்டுவதற்குள், திரும்பி வந்திருந்த அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையை ரிசீவர்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எடுக்காத தம்பி. எடுக்காத வரைக்கும் அவரு உசுரோட இருக்காரு."

அது அடித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி அக்காவின் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான ரிசீவரை நான் தூக்கியதில்லை.

ஒரு நர்ஸ், மலாயில். ஒன்பது மணியிலிருந்து அடிக்கிறோம், ஓயாமல் எங்கேஜ், உங்கள் வீட்டில் யார் அவ்வளவு நேரம் பேசுவது என்று முதலில் திட்டினார். அப்புறம் சொன்னார்: அவர் காலையிலேயே கண் விழித்துவிட்டார், மனைவியை உடனே கூட்டி வாருங்கள்.

அக்காவிடம் நல்ல செய்தியை மட்டும் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதார். இப்பத்தான் முழித்தாரா என்று கேட்டார். ஆமாம் அக்கா என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

காரில் பறந்தோம். வார்டில் அண்ணனின் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்புத் தடம். விழித்ததிலிருந்து மனைவியைக் கேட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறார், வருவார் என்றிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை. கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறார். வேறு வழியில்லாமல் கைகளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். நர்ஸ் இதை என்னிடம் தனியாகச் சொன்னார்.

அண்ணன் அக்காவின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"காலையிலேருந்து நீ வரல. நீ செத்துட்ட, எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"போன் வர்லங்க. வந்திருந்தா ஓடியாந்திருக்க மாட்டேனா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாலரை மணி நேரமும் இங்கே இவர் மனைவியைப் பறிகொடுத்துவிட்டுக் கிடந்திருக்கிறார். அங்கே நாங்கள் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுபூஜை முடிந்த கையோடு கவிதாவிடம் போனில் கேட்டேன். ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதுமாம். எடுத்துவிட்டேன். இப்போது, இணைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறது. ஆனாலும் வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுகிறேன். பிடுங்கியிருக்கிறேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன். மெஷின் சொன்னதைச் செய்யாமல் போய்விடுமோ என்றுதான் இதுவரை பயந்தேன். சொன்னதை நம்மிடம் சொல்லாமல் செய்துகொண்டிருந்தால்...? அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

முந்தாநாள் அண்ணன் வீடு திரும்பினார். அக்கா ஒற்றைக் கையால் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டில் போன் இருந்ததால்தான் சேதி கிடைத்தது என்று என் மனைவியிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேசரி சாப்பிட்டேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவது அஞ்சலை அக்காதான். இந்த வாரமும் வாசிப்பார்.

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை, அக்கா.